தொழுத மணலில் குப்பையா?

மரக்காணம் உப்பளங்களுக்கு வடக்கே, கடப்பாக்கத்தில், முகலாயர் காலத்து ஆலம்பரைக் கோட்டை சிதைந்து நிற்கிறது. முற்காலத்தில் உப்பும் நெய்யும் கப்பலேறிய துறை அது. கோட்டைக்கு எதிரே, கழிமுகத்துக்கு அப்பால் நீண்டு கிடக்கிறது ஒரு மணல்திட்டு. விடுமுறை நாளில் நண்பர்களோடு படகேறி அங்கே செல்வது நல்லதே. அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்திப்பதும் வணக்கமே.

லுஹர் நேரம் வந்தால் அந்த மணலிலேயே ஜமாஅத்தாக நிற்கிறோம். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அது சலுகை மட்டுமன்று, பொறுப்புமாகும். பள்ளிவாசலுக்குள் பிரியாணிப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் வீசிவிட்டு வருவோமா? நெற்றி பதித்த மணலில் வீச மட்டும் எப்படி மனம் வருகிறது?

படகோட்டி அள்ளிக்கொள்வார் என்பது வெறும் சாக்கு. நாம் விட்டுவரும் நெகிழி, மீனவர் வலை வீசும் நீரில்தான் சேரும். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி கடலோடு கலப்பதும் இக்கழிமுகத்தின் வழியேதான். தை முதல் பங்குனி வரை கடலாமைகள் முட்டையிட ஏறுவதும் இக்கடற்கரை மணலில்தான்.

சகோதரர்களே! அடுத்த பயணத்தில் உணவோடு ஒரு கோணிப்பையும் கொண்டு செல்லுங்கள். உங்கள் குப்பையோடு, முன்பு வந்தவர் விட்டதையும் அள்ளி வாருங்கள். பாதையின் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையல்லவா?