பழைய பெட்டிக்கு நாணுவதேன்?

சொற்கள் பொருள் மாறுவது மொழிக்கு இயல்பே. ஆயினும் ஒரு சொல் தன் பொருளுக்கு நேர் எதிரான இடத்தில் போய் அமர்ந்துகொள்வதைக் காணும்போது, ஆசிரியத் தொழிலிலேயே தலை நரைத்துவிட்ட எனக்குச் சினம் எழாமல் இருப்பதில்லை. 'ஹை-ஃபை' என்பது அத்தகைய ஒரு சொல். 'ஹை-ஃபையான ஆள்', 'ஹை-ஃபையான கலியாணம்' என்று நம்மவர் கூறும்போது பகட்டு, பணச் செருக்கு என்பனவே அவர்கள் கருதும் பொருள். பிறந்த இடத்தில் அச்சொல்லின் பொருள் 'உயர்ந்த உண்மையுடைமை' என்பதாகும். பாடியவர் பாடியபடி, வாசித்தவர் வாசித்தபடி, கூட்டாமலும் குறைக்காமலும் நம் செவிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கருவிக்கு இடப்பட்ட பெயர் அது. மெய்யைக் குறித்த சொல்லை மினுக்கைக் குறிக்கும் சொல்லாக மாற்றிக்கொண்டோம். அதன் பின்னர், அஃது செல்வர்க்கே உரியது என்று எட்டியும் நின்றுகொண்டோம்.

'ஒலிபெருக்கி' என்று நாம் படைத்த தமிழ்ச் சொல்லுக்கும் இப்பழியில் ஒரு பங்கு உண்டோ என ஐயுறுகிறேன். பெருக்குவதே அதன் தொழில் என்று அது நம்மை நம்பச் செய்துவிட்டது. அதனால் இக்கட்டுரையில் மக்கள் வழங்கும் 'ஸ்பீக்கர்' என்னும் சொல்லையே ஆள்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

செய்திக்கு வருகிறேன். நான் பணியாற்றும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சென்ற ஆண்டு ஒரு முன்மொழிவை வைத்தேன். மாணவர் அமர்ந்து கேட்டுப் பழகுவதற்கென வாசிப்பறையில் ஒரு நல்ல ஒலிக்கருவித் தொகுதி அமைக்க வேண்டும். பழைய ஆம்ப்ளிபையர் ஒன்றும் பழைய ஸ்பீக்கர் இரண்டும் வாங்கினால் 800 வெள்ளிக்குள் பணி முடிந்துவிடும் என்றேன். செயலவை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். நல்லவர், பள்ளிக்குப் பன்முறை கைகொடுத்தவர்.

"ஐயா, தமிழ்ப்பள்ளின்னாலே பழசுதானா? நாங்க படிச்ச காலத்துலதான் ஒடஞ்ச மேசை, ஆடுற நாற்காலி. எங்க பிள்ளைங்களுக்குமா?"

மண்டபம் கைதட்டியது. இரண்டு வாரங்களில் 2,300 வெள்ளி விலையில், சக்கரம் பூட்டிய, பல நிற விளக்குகள் சுழலும் புத்தம்புதிய ஸ்பீக்கர் ஒன்று பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

அவர் கேட்டது பொருளற்ற கேள்வி அன்று. தோட்டப்புறத்துப் பள்ளியில் பிறர் கழித்த மேசையில் எழுதிப் படித்தவன் நானும். கழித்துவிட்டதை நமக்குத் தள்ளிவிடுவது ஒன்று. தேர்ந்து, தட்டிப் பார்த்து, தகுதி கண்டு நாமே வாங்குவது மற்றொன்று. முன்னதில் நம் மானம் போகிறது. பின்னதில் நம் அறிவு வேலை செய்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால்தான் நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பணம் போகிறது, ஒலி வரவில்லை.

புதுப் பெட்டி வந்த மறுவாரம் நான்காம் ஆண்டு மாணவர்க்குக் கேட்டல் பயிற்சி நடந்தது. 'பள்ளி' என்று பெட்டி சொன்னதைப் பாதி வகுப்பு 'பல்லி' என்று எழுதிற்று. 'வாழை' வாளையாகி நீந்திற்று. ஆசிரியை மாணவரைக் கடிந்துகொண்டார். மாணவர் மீது பிழையில்லை. மனிதக் குரலில் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் கூறுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் உள்ளன. லகர ளகர ழகரங்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அக்கருவியோ தாழ்ந்த ஒலியை 'தொம் தொம்' என உந்துவதற்கென்றே செய்யப்பட்டது. நடுப்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. விளையாட்டுப் போட்டி நாளன்று திடலில் நிறுத்தி அணிநடைப் பாட்டு ஒலிக்க அது மிகப் பொருத்தமான கருவி. அதனை நான் மறுக்கவில்லை. ழகரம் கற்பிக்க அது உதவாது.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஆயிரக்கணக்கில் வாட் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருந்தது. 'பி.எம்.பி.ஓ.' என்ற நான்கெழுத்து அதன் அருகில். நொடியின் மிகச் சிறு கூற்றில் ஒரு கருவி உமிழக்கூடும் என்று விற்போர் தாமே கணக்கிட்டுக்கொள்ளும் எண் அது. எந்த ஒழுங்கான அளவை முறைக்கும் உட்படாதது. உண்மைக் கணக்கு வேறு. இல்லங்களுக்குரிய இயல்பான ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் ஆற்றலிலேயே ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் அளவு ஒலிக்கும். இருவர் உரையாடுவது ஏறத்தாழ 60 டெசிபெல்தான். ஆற்றலை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற வேண்டுமாயின் ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். எனவே 50 வாட்டை விட்டு 100 வாட்டை வாங்குபவர், சிறிது கூடுதலான ஒலிக்காகப் பெரிது கூடுதலான பணம் தருகிறார். நம் வரவேற்பறையில் 20 வாட் அடக்கமாக அமர்ந்து அனைத்துப் பணியும் செய்துவிடும். 1978இல் வெளிவந்த நாட் 3020 என்னும் ஆம்ப்ளிபையரின் அளவும் பக்கத்திற்கு 20 வாட்தான். பார்வைக்குச் சாம்பல் பூசிய ஒரு தகரப் பெட்டி. உலகெங்கும் எளிய வருவாயினர் வாங்கிப் போற்றிய கருவி.

அப்படியானால் பணத்தை எதில் இடுவது? ஸ்பீக்கரில் என்பதே என் விடை. இதில் அறிந்தோரிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. 1973இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தோன்றிய லின் நிறுவனத்தார் இசைத்தட்டுச் சுழற்றியே முதன்மையானது, அதில் இழந்ததைப் பின்னர் எதனாலும் மீட்க இயலாது என்று வாதிட்டனர். ஊசி பள்ளத்தைத் தடவிப் படித்த காலத்தில் அவ்வாதத்தில் வலுவிருந்தது. 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. இன்றோ பையிலுள்ள தொலைபேசியும் ஒரு சிறு இணைப்புக் கம்பியும், முன்னாளில் ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டிப் பெற்ற தூய்மையைச் சில வெள்ளியில் தந்துவிடுகின்றன. மூலம் மலிந்துவிட்ட பிறகும் 'மூலமே முதல்' என்று ஓதுவது பழக்கமே தவிர நியாயமன்று. ஆம்ப்ளிபையரைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' இதழ், சில நூறு டாலர் கருவி முதல் 12,000 டாலர் கருவி வரை மறைத்து வைத்து, தேர்ந்த செவியினரைக் கேட்கச் செய்தது. எது எது என்று உறுதியாகப் பிரித்துரைக்க அவர்களால் இயலவில்லை. ஸ்பீக்கர்களோ அவ்வாறல்ல, ஒன்றுக்கொன்று முகம் மாறுபடுவதுபோல் குரல் மாறுபடும்.

பெரிய பெட்டியே பெரிய இசை தரும் என்பாரும் உளர். 1954இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் காற்றுப் புகாது அடைத்த சிறு பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியை எழுப்பிக் காட்டி, அக்கருத்தை அன்றே முறித்துவிட்டார். பின்னர் அவருடைய நிறுவனம் நால்வர் தந்தியிசைக் குழுவை மேடையேற்றிற்று. வாசிப்பின் இடையிடையே வில்லைத் தந்தியில் படாமல் அசைக்கச் செய்து, ஒலியை ஸ்பீக்கரிலிருந்து வரச் செய்தது. அவையினர் பலருக்கு மாற்றம் தெரியவில்லை. நம் திருமணங்களில் மாறாக நடக்கிறது: நாகசுரக்காரர் நம் முன்னே நின்று மெய்யாகவே வாசிக்கிறார், கருவியின் வழி வரும் ஒலியோ தகரத்தை உரசினாற்போல் இருக்கிறது!

பழையதை வாங்குவதற்கு ஒரு கல்வி வேண்டும். எனக்கு அதனைக் கற்பித்தவர் பழங்கருவிகளைப் பழுதுபார்த்து விற்கும் ஒரு சீனப் பெரியவர். "சிக்கு, காதால பாக்காதே, முதல்ல விரலால பாரு" என்று அரைகுறைத் தமிழில் சொல்லுவார். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையால் ஆனதாயின் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். விரல் வைத்தால் பொடியாகும். இரப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். நுரை உதிர்ந்ததையும் ஒதுக்க வேண்டியதில்லை. புது விளிம்பு வாங்கிப் பசையிட்டு ஒட்டலாம். அந்தச் சாக்கில் விலையையும் பாதியாகக் குறைக்கலாம். கூம்பை இருபுறமும் விரல் பதித்து மெல்ல அழுத்தினால் உரசலின்றி உள்ளே சென்று மீள வேண்டும். உரசினால் கையை எடுத்துக்கொண்டு வீடு திரும்புக. ஆம்ப்ளிபையரின் குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால் அஞ்ச வேண்டாம். தூய்மை செய்யும் தெளிப்பானால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அஞ்ச வேண்டியது வேறு. இசை ஏதும் இல்லாதபோது ஸ்பீக்கர் முனைகளில் அளவைமானியை வைத்தால் நேர்மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மிகவும் மேற்போனால், நீங்கள் இணைக்கும் ஸ்பீக்கரை அக்கருவி எரித்துவிடக்கூடும்.

மற்றோர் எச்சரிக்கை, இந்நாட்டார்க்குச் சிறப்பாக உரியது. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழம்பொருள்களுள் அழகிய ஆம்ப்ளிபையர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் முதுகைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருக்கும். நம் சுவரிலோ 240. மின்மாற்றியின்றிச் செருகினால் புகைதான் மிஞ்சும். முதல் முறை நான் கற்ற பாடம் இது. அதற்கு நான் செலுத்திய கட்டணம் 180 வெள்ளி.

பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் வார இறுதிச் சந்தை இருக்கிறது. பினாங்கில் லோரோங் கூலிட் இருக்கிறது. சிங்கப்பூர் அன்பர்கள் சுங்கை ரோட்டை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். 2017ஆம் ஆண்டு சூலையில் அச்சந்தை மூடப்பட்டது. ஒலிநாடாக் கருவியின் இரப்பர்ப் பட்டையும், குறுந்தட்டுக் கருவியின் ஒளிக்கண்ணும் முதுமையில் தளர்வன. அவற்றைப் பழையதாக வாங்குவோர் இயக்கிக் கேட்ட பின்னரே பணம் எடுக்க வேண்டும்.

வாங்கிய பின் செய்யும் பணிக்குக் காசில்லை. அதனாலேயே அதனை எவரும் செய்வதில்லை போலும். நம் இல்லங்களில் ஸ்பீக்கர் ஒன்று சாமி மேடைக்கு அடியிலும் மற்றொன்று அலமாரி உச்சியிலும் இருக்கும். இரண்டையும் மூலையிலிருந்து விலக்கி, உயர்ந்த ஒலி பிறக்கும் சிறு கூம்பு செவிமட்டத்தில் அமையுமாறு வைத்து, கேட்பவரும் இரு பெட்டிகளும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக அமைக. வழவழப்பான கல் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியை எதிரடித்துக் குழப்பும். ஒரு பாயும் திரைச்சீலையும் புத்தகம் அடுக்கிய நிலைப்பேழையும் போதும். புத்தகம் அடுக்கினால் இசை நன்றாகக் கேட்கும் என்பதைத் தமிழாசிரியன் சொல்லித் தமிழர் நம்பப் போவதில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன்.

எதிர்ப்புறத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பிக்குப் பல நூறு வெள்ளி கொடுத்தால்தான் வயலின் அழும் என்று ஓதுவோர் அவர்கள். சில மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பி, மின்பொருள் கடையில் கிடைப்பதே, போதுமானது. ஏழையை ஹை-ஃபையிலிருந்து விரட்டியதில், விளக்குப் பெட்டி விற்றவரைவிட இவர்களுக்கே பங்கு மிகுதி.

என் வீட்டுக் கணக்கைத் தருகிறேன். ஆம்ப்ளிபையர் 250, ஸ்பீக்கர் இணை 380, கம்பி 15, தொலைபேசி இணைப்பு 12, பட்டை மாற்றிய ஒலிநாடாக் கருவி 90. ஆக 747 வெள்ளி. மின்மாற்றியின்றி எரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் அறியாமைக்குரிய தனிக் கணக்கு.

ஒலிநாடாக் கருவி எதற்கு என்று என் மக்களே கேட்டனர். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் 1984இல் என் பெரியப்பா பாடியதைப் பதிவு செய்த நாடா ஒன்று என்னிடம் இருந்தது. அவரும் மறைந்தார், தோட்டமும் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாயிற்று. அந்நாடாவை முன்பு ஒரு புதுக் கருவியில் ஒலிக்கச் செய்தபோது உறுமியின் முழக்கத்தில் பாட்டு மூழ்கிப்போய், எவரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. நாடா கெட்டுவிட்டது என்றே எண்ணினேன். 747 வெள்ளியில் அது கெடவில்லை என்று தெரிந்தது. அடிகளுக்கிடையே பெரியப்பா மூச்சு வாங்குவதும், பின்னால் ஒரு பெண் குரல் "மெதுவா பாடுங்க மாமா" என்பதும் கேட்டன. அப்பெண் குரல் யாருடையது என்று என் தாயார் சொல்லும் வரையில் எனக்குத் தெரியாது.

செயலவை உறுப்பினர், தம் மகளின் திருமண அழைப்பிதழ் கொடுக்க ஒரு மாலையில் என் இல்லம் வந்தார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. அமர்ந்தவர் தேநீர் ஆறும் வரை பேசவில்லை. பிறகு, "அந்த உறுமி அடிக்கிறது யாருங்க ஐயா?" என்றார். பெயரைச் சொன்னேன். அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அந்தக் குடும்பத்தை அறிந்திருந்தார். இருட்டும் வரை அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பெட்டியைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வரும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் என் முன்மொழிவை மீண்டும் சேர்த்திருக்கிறேன். தொகை 800 வெள்ளி, மாற்றமில்லை.