வரப்போகும் ஆட்டக்காரரும் வராத இலக்கணமும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்தால் ஒரே பேச்சுதான். லண்டன் நகரத்து ஆர்சனல் குழு, போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் குழுவில் ஆடிக்கொண்டிருந்த ஸ்வீடன் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை வாங்குமா, வாங்காதா? விலை படியுமா, படியாதா? ஆர்சனல் ரசிகர்கள் நாலைந்து பேர். அவர்களைச் சீண்டுவதற்கென்றே பிறந்த மான்செஸ்டர் ரசிகர்கள் ஏழெட்டுப் பேர். ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே அவர் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் ஜி, ஒய், பிறகு தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ என்று தொடங்கும் அந்தப் பெயரை ஒருவன் 'ஜியோகரஸ்' என்றான். இன்னொருவன் 'கியோகிரீஸ்' என்றான். வண்டிக்குப் போடும் கிரீசா என்று கேட்டு அறையே சிரித்தது.

மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர், ஆங்கிலத்தில் சொன்னால்தான் கேலிக்கு மதிப்பு என்று நினைத்தாரோ என்னவோ, "ஹி டோன்ட் ஹேஸ் எ நேம், ஹி ஹேஸ் எ ஈக்வேஷன்" என்றார். அவருக்குப் பெயர் இல்லை, சமன்பாடுதான் இருக்கிறது என்பது கருத்து. நல்ல வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்சனல் பக்கத்திலிருந்து உடனே, "அண்ணே, டோன்ட் ஹேஸ் இல்லை, டோன்ட் ஹேவ்" என்று ஒரு திருத்தம் எழுந்தது. அந்தத் திருத்தத்தைத் திருத்த இன்னொருவன் எழுந்து, "டஸின்ட் ஹேஸ்" என்றான். அன்று இரவு பதினொரு மணி வரை ஆட்டக்காரரை மறந்து இலக்கணத்துக்காகச் சண்டை நடந்தது. மூன்றுமே பிழை என்பதை மறுநாள் நூலகத்தில் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

அந்த ஆட்டக்காரர் விக்டர் யோகெரஷ். முதலெழுத்தை ஸ்வீடன் நாட்டார் 'ய'கரமாகவே ஒலிக்கிறார்கள். அவருடைய பாட்டனார் ஹங்கேரியர். ஹங்கேரிய மொழியில் அச்சொல்லுக்கு 'வேர் கொண்டது' என்று பொருள். ஜூலை முடிவதற்குள் அவர் ஆர்சனலில் சேர்ந்துவிட்டார். எங்கள் விடுதியில் இன்றும் அவர் கிரீஸ்தான்.

பெயரை வைத்துக் கேலி செய்யக்கூடாது என்று நான் எழுத வரவில்லை. அப்படிச் சட்டம் போட்டால் கால்பந்து ரசிகன் ஊமையாகிவிடுவான். பிரேசில் நாட்டு ரிக்கார்டோவுக்குக் 'காக்கா' என்று பெயர் வந்ததே, அவர் தம்பிக்குச் சின்ன வயதில் 'ரிக்கார்டோ' என்று சொல்ல நா புரளாததால்தான். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கூரையில் உட்காரும் பறவை நினைவுக்கு வரும். இத்தாலியருக்கு வந்தது அதைவிட மோசம். அவர்கள் மொழியில் குழந்தையின் மலத்துக்கு ஏறக்குறைய அதே ஒலிதான். அந்தப் பெயரோடுதான் அவர் 2003இல் மிலான் நகரத்துக்கு வந்தார். 2007இல் ஐரோப்பாவின் தங்கப்பந்து விருதை வாங்கினார். சிரித்தவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். பெயர்க் கேலிக்கு ஆயுள் குறைவு. அதை ஒரு கோல் போட்டு அழித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் ஒன்று உண்டு. 2006இல் ஹாலந்திலிருந்து ஸ்காட்லாந்தின் செல்டிக் குழுவுக்கு யான் வென்னகூர் ஆஃப் ஹெசலிங்க் என்றொரு முன்னாட்டக்காரர் வந்தார். சட்டையின் முதுகில் ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை வில்லாக வளைத்து அச்சடித்தார்கள். இதில் வேடிக்கை நீளத்தில் இல்லை, நடுவில் நிற்கும் அந்த 'ஆஃப்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதை 'உடைய' என்று படித்து, ஹெசலிங்க் ஏதோ ஊர், அந்த ஊருக்கு இவர் பிரபு என்பதுபோல் நினைத்துக்கொள்வார்கள். டச்சு மொழியில் அச்சொல்லுக்கு 'அல்லது' என்று பொருள்! வென்னகூர் அல்லது ஹெசலிங்க். பல தலைமுறைக்கு முன் இரண்டு உழவர் குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டபோது எந்தப் பெயரையும் விட மனமில்லாமல் இரண்டையும் வைத்துக்கொண்டார்களாம். 2008 மே மாதம் டண்டி யுனைடெட்டை 1-0 என்று வென்று செல்டிக் லீக் பட்டத்தைக் கைப்பற்றிய ஆட்டத்தில் அந்த ஒரு கோல் இவருடையது. அந்த 'ஆஃப்' என்னும் குட்டிச் சொல் பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்களையும் விட்டுவைக்கவில்லை. 'ஷுட் ஹேவ்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஷுட் ஆஃப்' என்று எழுதுவது அவர்களிடையே பரவலான பிழை.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது.

1998 மார்ச் 10ஆம் நாள் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் குழுவின் இத்தாலியப் பயிற்சியாளர் ஜொவானி டிராபட்டோனி நிருபர்கள் முன்னால் மேசையைத் தட்டிக் கத்தினார். சரியாக ஆடாமல் குறை மட்டும் பேசிய தம் ஆட்டக்காரர்களைத் தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். 'காலி பாட்டில்போல ஆடினார்கள்' என்பதை 'பாட்டில் காலி' என்று மாற்றிச் சொன்னார். முடிவில் 'நான் முடித்துவிட்டேன்' என்பதற்கு 'இஹ் ஹாபே ஃபெர்டிக்' என்றார். 'இஹ் பின் ஃபெர்டிக்' என்பதே சரி. ஜெர்மனி முழுவதும் சிரித்தது. அந்தப் பிழைத் தொடர்கள் அந்நாட்டுப் பேச்சு வழக்கிலேயே சேர்ந்துவிட்டன.

நானும் முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இத்தாலிய மொழியில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். ஆகவே பாட்டில் முன்னால், காலி பின்னால். இத்தாலியர் 'முடித்தேன்' என்று சொல்ல, உடைமை வினையைத் துணைக்குச் சேர்ப்பார்கள், ஆகவே 'ஹாபே'. மனிதர் இலக்கணம் இல்லாமல் பேசவில்லை. இன்னொரு இலக்கணத்தை வைத்துக்கொண்டு பேசினார். நாம் 'ஐ யாம் ஹேவிங் டவுட்' என்று சொல்வதும் அப்படித்தான். 'சந்தேகம் இருக்கிறது' என்ற தமிழ் வாக்கியம் ஆங்கிலச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பதில் நிற்பது நம் 'நேற்றுதான்'. இதைக் கேட்டுச் சிரிக்கும் ஆங்கிலேயருக்குத் தமிழில் 'நேற்று' என்ற சொல்லாவது தெரியுமா?

ஸ்பெயின் நாட்டு உனாய் எமெரி 2018இல் ஆர்சனல் குழுவுக்குப் பயிற்சியாளராக வந்தார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளாமல் தாமே ஆங்கிலத்தில் பேசினார். 'குட் ஈவினிங்' என்பது அவர் வாயில் 'குட் எபெனிங்' என்று வந்தது. ஸ்பானிய மொழியில் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி, வேறென்ன செய்வார்? தொடர்ந்து 22 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தவரை அது ரசிகர்களுக்குச் செல்லமான வேடிக்கை. 2019 இலையுதிர் காலத்தில் வெற்றி வராமல் போனதும் அதே 'எபெனிங்' குற்றப்பத்திரிகை ஆனது. ஜெயித்தபோது அது சிரிப்பாக இருந்தது, தோற்றபோது அவமானம் ஆகிவிட்டது என்று அவரே பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். 2019 நவம்பரில் அவரை வெளியேற்றினார்கள். 2021இல் வில்லாரியல் குழுவோடு வந்து ஐரோப்பா லீக் அரையிறுதியில் அதே ஆர்சனலைத் தோற்கடித்துக் கோப்பையையும் வாங்கினார். அப்போதும் அவர் 'எபெனிங்' மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆட்டக்காரனுக்காவது கால் இருக்கிறது, பயிற்சியாளருக்குக் கோப்பை இருக்கிறது. வகுப்பில் கருத்தரங்கு நடத்தும் மாணவனுக்கு வாய் ஒன்றுதானே உண்டு?

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒருவன் வலிந்த அலைவுகளைப் பற்றிப் பேசினான். கையில் தாள் இல்லாமல் ஒத்ததிர்வுக்கான நிபந்தனையைக் கரும்பலகையில் வரி வரியாக வருவித்தான். ஓர் அடி பிசகவில்லை. ஆனால் 'ஃபோர்ஸ்' அவன் வாயில் 'போர்ஸ்' என்றும், 'ஃப்ரீக்வென்சி' 'பிரிக்கன்சி' என்றும் வந்தன. பின்வரிசையிலிருந்து 'எபெனிங், எபெனிங்' என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அவனுக்குக் கால்பந்தும் தெரியாது, எமெரியையும் தெரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் பலகையைத் திரும்பிப் பார்த்தான், எங்காவது குறி தவறிவிட்டதோ என்று. 'கேள்வி உண்டா' என்று கேட்காமலே போய் உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் குரல் என்னுடையது.

நானும் தமிழ்வழியில் படித்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதலாமாண்டில் விடுதிக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து அந்த 'ஃப' ஒலியை மாதக்கணக்கில் பழகியிருக்கிறேன். நானும் 'போர்ஸ்' என்று சொன்னவன்தான் என்பது யாருக்கும் நினைவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் அன்று முந்திக்கொண்டு சிரித்தேன். அந்த மூன்றாம் ஆண்டு அண்ணனின் 'டோன்ட் ஹேஸ்'மீது பாய்ந்தவர்களும் இப்படித்தானோ என்று இப்போது ஐயம் வருகிறது.

திருத்தாவிட்டால் ஆங்கிலம் எப்படி வளரும் என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலைக்கான நேர்முகத்தில் 'போர்ஸ்' என்று சொன்னால் அங்கே யாரும் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை என்பதும் உண்மை. திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்துகிறவர் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கிறார், சிரிக்கிறவன் காத்திருப்பதில்லை. கருத்தரங்கு முடிந்தபின் ஒலிப்புப் பிழைகளை ஒரு தாளில் எழுதிப் பேசியவன் கையில் மட்டும் கொடுக்கலாமே. கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் தமிழை அனுமதிக்கலாமே. லீட்ஸ் குழுவில் அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்சா 2018 முதல் 2022 வரை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார். இரண்டாம் தரத்தில் கிடந்த குழுவை 2020இல் முதல் தரத்துக்கு ஏற்றியும் விட்டார்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, நானும் மறந்துட்டேன்" என்றான். ஆனால் அன்றிலிருந்து வருகைப் பதிவுக்கு 'எஸ் சார்' சொல்வதைத் தவிர அவன் குரலை வகுப்பில் கேட்கவில்லை. இந்தப் பருவத்துக் கருத்தரங்குக்குத் தலைப்புக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அறிவிப்புப் பலகைப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே இடம் காலியாகவே கிடக்கிறது.