அப்பா அம்மாவுக்குக் கப்பலில் 'சர்ப்ரைஸ்' வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டு, கடைசி நாள் வரை சொல்லாமல் மறைத்து வைப்பது இப்போது ஒரு பழக்கமாகி வருகிறது. "காலைல ரெடியா இருங்கப்பா, ஒரு இடத்துக்குப் போறோம்" என்று சொல்லி, முகப்பேரிலிருந்து நேராகத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கி, அவர்கள் கண் கலங்குவதை வீடியோ எடுக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் பொறுப்பில்லாத வேலை.

கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து கார்டிலியா கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியபோது எனக்கும் சந்தோஷம்தான். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களும் கடலுக்குள் போய்ப் பார்க்கட்டுமே. என் சண்டை கப்பலோடு இல்லை, நீங்கள் தயாராகும் விதத்தோடு. முதல் ராத்திரிக்கு வெள்ளை டிரெஸ், மறுநாள் பூப்போட்ட சட்டை, குழந்தைக்குத் தொப்பி, கூலிங்கிளாஸ் என்று ஒரு மாதம் கடை கடையாக அலைகிறீர்கள். அப்பாவின் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்ப்பதில்லை. சர்ப்ரைஸ் என்பதால் பார்க்கவும் முடியாது, கேட்டால் தெரிந்துவிடுமே!

முகப்பேரில் நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடலாம், ஆட்டோவிலாவது ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நடுக்கடலில் கப்பல் டாக்டரும் ஒரு சின்ன மருத்துவ அறையும்தான். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் கரைக்குத்தான் வர வேண்டும். அந்த டாக்டருக்கான பணம் பொதுவாக டிக்கெட்டில் சேராது. வீட்டில் இருக்கும் மெடிக்ளெய்ம் அங்கே செல்லுமா என்று முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டாமா?

பெட்டி விஷயம் இன்னொன்று. துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்புவார்கள். வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். மத்தியானம் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை அந்தப் பெட்டியில் இருந்தால்? மருந்தும் டாக்டர் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இது அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்தால் அவரே எடுத்து வைத்துக்கொள்வார், உங்களைவிட ஒழுங்காக.

குமட்டலுக்கு மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் அது அவ்வளவாக உதவாது, கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். அந்த வகை மாத்திரைகளில் பல வயதானவர்களுக்குத் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். பிராஸ்டேட் தொந்தரவு இருக்கும் ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகை கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுப்பது தப்பு. இதில் வேடிக்கை, அதிகப் பணம் கட்டி மேல் தளத்தில் பால்கனி அறை எடுக்கிறீர்கள். மரத்தின் உச்சி ஆடுகிற அளவு அடிமரம் ஆடுமா? கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவில் இருக்கும் அறைதான் குறைவாக ஆடும். பெரும்பாலும் விலையும் குறைவு.

நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். 1926-இல் கட்டிய 'ரஜூலா' கப்பலில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனையோ ஆயிரம் பேர் டெக்கில் படுத்தே போனார்கள். ஏறுவதற்கு முன்பே ஊரில் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவார்கள். அவர்கள் பிழைக்கப் போனார்கள், நாம் பொழுதுபோக்கப் போகிறோம். அலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்குப் பயிற்சியே இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும்போதே பயிற்சி நடத்த வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். ஏழு குட்டிச் சங்கு, ஒரு நீளச் சங்கு என்றால் அபாயம். பள்ளிக்கூட மணி மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காது மந்தமான தாத்தாவுக்கு இதை யார் சொல்வது, படிக்கட்டில் யார் கைபிடிப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

போகிற ஊரும் உறுதி கிடையாது. அதே 2022 ஜூனில், கேசினோ சர்ச்சையில் அனுமதி கிடைக்காமல், கப்பல் புதுச்சேரிப் பயணிகளைக் கரையில் இறக்காமலேயே போனது. இலங்கைக்குப் போகிற பயணம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும், அதுவும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட் பீரோவில் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத்தானே தெரியும்?

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஃபோனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், கப்பல் நெட்வொர்க்கில் தானாகச் சேர்ந்தால் பில் எகிறும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

"முன்னாடியே சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவாங்க டீச்சர்" என்று ஒரு மாணவி என்னிடமே சொன்னாள். சொல்லட்டுமேம்மா. அந்த 'வேண்டாம்' எதற்கு என்று கேட்டாயா? செலவு பயமா, முட்டி வலியா, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிற சங்கடமா? முட்டி வலி என்றால் லிஃப்ட் பக்கத்தில் அறை கேட்கலாம். செலவு என்றால் கணக்கைக் காட்டலாம். அவருக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை என்றால் அதே பணத்தில் திருச்செந்தூர் போய் வாருங்கள், அங்கேயும் கடல் இருக்கிறது. அறுபது வயதுக்காரரைக் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போக அவர் என்ன யூ.கே.ஜி. பிள்ளையா? அப்படி ஏற்றிவிட்டு, நீங்கள் டான்ஸ் பார்க்கப் போகும்போது பேரக்குழந்தையோடு அவர்களை அறையில் உட்கார வைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். மருந்து, டாக்டர் ஃபோன் நம்பர், ரத்தப் பிரிவு எழுத ஒரு பக்கத் தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், தருகிறேன்.