வீரரா, பயணியா?

2007 அக்டோபர் 10ஆம் நாள், டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் ரஷ்யாவின் சோயுஸ் கலமேறி அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குப் புறப்பட்டார். உடனே சொற்போரும் எழுந்தது. 'விண்வெளி வீரர்' என்றனர் ஒரு சாரார். நாசாவோ 'விண்பயணப் பங்கேற்பாளர்' என்றே குறித்தது. போர் விமானங்கள் வாங்கியதற்கு ஈடாகக் கிடைத்த இருக்கையில் சென்றவர் வெறும் பயணியே என்றனர் மறு சாரார்.

இரண்டும் பொருந்தா. வீரம் எதிரியை வேண்டுவது. ஆட்டக்காரரையும் வீரர் என்கிறோமே எனின், ஆடுகளத்திலும் எதிரி உண்டு. விண்ணில் எதிரி யார்? 'பயணி' என்பதோ ஆளைக் கட்டணத்தால் அளப்பது. கூலி என்பது ஊதியத்தின் பெயர். அதனையே ஆளின் பெயராக்கியன்றோ நம் பாட்டன்மாரைத் தாழ்த்தினர்! வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பிறந்த நாம், விண்ணில் ஆய்வு செய்து திரும்பிய ஒருவருக்கு அதே தீங்கை இழைக்கலாமா?

மலாய்மொழி 'அங்காசாவான்' என்றது. வானத்தார் என்பதே அதன் பொருள். அதில் புகழ்ச்சியுமில்லை, இகழ்ச்சியுமில்லை. 'அஸ்ட்ரோநாட்' என்பதன் கிரேக்க வேர்களும் விண்மீன், மாலுமி என்பனவே. கோலசிலாங்கூர்க் கடற்கரையில் வாழும் நமக்குக் 'கடலோடி' புதிய சொல்லா? கடலில் ஓடுபவர் கடலோடி. விண்ணில் ஓடுபவர் விண்ணோடி. இச்சொல் இருபாலுக்கும் பொதுவானது. 2006இல் இறுதி நால்வருள் ஒருவராய்த் தேர்வு பெற்ற வனஜா சிவசுப்பிரமணியம் விண்ணேறியிருப்பின், 'வீராங்கனை' என வேறொரு சொல்லைத் தேடியிருக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நாளைய வகுப்பில் கரும்பலகையில் 'விண்ணோடி' என்று எழுதுங்கள். மாணவர் பொருள் கேட்பர். அங்கேதான் தமிழ்ப்பாடம் தொடங்குகிறது.