மேலூர்ல இருந்து ஸ்கூபா லேபிள்: 40 லட்சம் கணக்கு இங்கே செல்லாது

மேலூர்ல கடல் இல்லை, கண்மாய்தான். அங்கிருந்து ஸ்கூபா கியருக்குப் பெயர் லேபிள் விற்கலாமா? தாராளமா விற்கலாம். டைவ் சென்டர்ல ஃபின்ஸ், மாஸ்க், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உப்புத் தண்ணி தாங்குற லேபிளுக்கு வேலை இருக்கு.

ஆனா, "40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாமே சார்"னு ஆரம்பிக்காதீங்க. அந்த வரம்பு, பொருளைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கிறவங்களுக்கு. உங்க கஸ்டமர் எங்கே இருக்கார்? அந்தமான், கோவா, முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி. நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி தெரியுற புதுச்சேரிகூட ஜிஎஸ்டி கணக்குல வெளி மாநிலம்தான். 200 ரூபாய்க்கு ஒரு ஷீட் அனுப்பினாலும், சிஜிஎஸ்டி சட்டம் 24-ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டமும் கிடைக்காது.

பயப்படாம பதிவு பண்ணுங்கன்னுதான் நான் சொல்வேன். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. சிவகாசியில பிரிண்ட் பண்ணும்போது கட்டுற வரி கிரெடிட்டா திரும்பும். ஜிஎஸ்டி உள்ள டைவ் சென்டரும் உங்க பில்லை வச்சு கிரெடிட் எடுக்கும். விற்பனை இல்லைன்னாலும் நில் ரிட்டர்ன் போடணும், தவறினா நாளுக்கு 20 ரூபாய் லேட் ஃபீ. சம்பளத்துக்கு வழக்கமா போடுற ஐடிஆர்-1 இனி ஆகாது.

பிரிண்டர் வாங்க பர்சனல் லோன் மட்டும் இப்போ வேண்டாம். முதல்ல நாலு டைவ் சென்டராவது ரெண்டாவது ஆர்டர் தரட்டும்.