செட்டிங்கைத் தொட்டால் கெட்டுப் போகுமா?



எங்க வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்தது. அதில் அண்ணன் டெபியன் 12 என்கிற லினக்ஸ் போட்டு, எனக்கும் தனியாக ஒரு யூசர் பெயர் வைத்துக் கொடுத்தான். கொடுத்த கையோடு, "டைப் பண்ணு, செட்டிங்கை மட்டும் தொடாத, கெட்டுப் போயிடும்" என்றான். நம் கணினி அறையிலும் இதே பேச்சுதான். பெண் பிள்ளைகளிடம் இதைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள் என்பது என் கருத்து. (பையன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

போன மாதம் பைத்தானில் வாய்ப்பாடு போடும் நிரல் ஒன்று எழுதினேன். கறுப்புத் திரையில் திறக்கும் நானோ எடிட்டரில்தான் எழுதினேன். ஒரு வரியை டேப் விசையால் உள்ளே தள்ளினேன். அடுத்த வரிக்கு எட்டு முறை ஸ்பேஸ் தட்டினேன். நானோவில் ஒரு டேப் என்பது எட்டு இடம், அதனால் கண்ணுக்கு இரண்டு வரியும் நேராகத்தான் நின்றது. பைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. டேப்பும் ஸ்பேஸும் கலந்திருக்கிறது என்று பிழை காட்டியது. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த இரண்டு வரியையே முறைத்துக்கிட்டு இருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழல.

அப்புறம் நானோவின் கையேட்டைப் படித்தேன். நம்முடைய ஹோம் ஃபோல்டரில், முதலில் ஒரு புள்ளி வைத்து, ஒட்டி நானோஆர்சி என்ற பெயரில் ஒரு கோப்பு எழுதினால் போதுமாம். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. நான் எழுதியது மூன்றே வரி, எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில்: செட் டேப்சைஸ் 4, செட் டேப்ஸ்டுஸ்பேசஸ், செட் லைன்நம்பர்ஸ். இப்போது டேப் அடித்தால் நான்கு ஸ்பேஸாகவே விழுகிறது. ஓரத்தில் வரி எண்ணும் தெரிகிறது. முன்பே அடித்த டேப் மட்டும் தானாக மாறாது, அதை அழித்துவிட்டு மறுபடி அடிக்கணும்.

சரி, கெட்டுப் போச்சா? இல்லை. அந்தக் கோப்பு என் யூசருக்கு மட்டும்தான். எல்லாருக்கும் பொதுவான கோப்பு ஈடிசி ஃபோல்டரில் இருக்கிறது. அதை மாற்ற ரூட் கடவுச்சொல் வேண்டும், அது என்னிடம் கிடையாது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக எழுதினேன். அப்பவும் நானோ திறந்தது. அந்தக் கோப்பில் பிழை இருக்கு என்று கீழே காட்டியது. கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வெளியே வந்ததும் எத்தனையாவது வரி என்றும் சொன்னது. எதுவும் பிடிக்காவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

நானோ பிறந்த கதையே மாற்றுகிற கதைதான். அதற்கு முன்பு பைக்கோ என்ற எடிட்டர் இருந்தது. அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்க உரிமத்தில் தெளிவான இடம் இல்லை. அதனால் கிறிஸ் அலெக்ரெட்டா என்பவர் 1999இல் அதே மாதிரி புதிதாக ஒன்று எழுதினார். முதலில் அதற்கு டிப் என்று பெயர், 2000இல்தான் நானோ ஆனது.

கணினி அறையில் சார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கு. அங்கே எல்லாரும் ஒரே யூசர் பெயரில் நுழைகிறோம். நான் 4 என்று வைத்தால் அடுத்த பீரியடில் வருகிற பிள்ளைக்கும் 4தான். அதனால் என் கோரிக்கை இதுதான்: ஒவ்வொருவருக்கும் தனி யூசர் பெயர் வேண்டும். லினக்ஸில் ஆட்யூசர் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் முடிந்தது. பெயர்ப் பட்டியல் எழுதித் தர நான் தயார்.

எங்க அண்ணன் நானோவில் இன்னும் வரி எண் கிடையாது. போன வாரம் நாற்பதாவது வரியைத் திரையில் விரல் வைத்து எண்ணிக்கிட்டு இருந்தான். நான் ஒண்ணும் சொல்லல.

— 9ஆம் வகுப்பு மாணவி