வானம் செத்துப் போச்சுன்னு யார் சொன்னது?

இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"கல்யாண்ல நட்சத்திரமே தெரியாது, படம் எடுக்கணும்னா லடாக் போங்க"ன்னு அறிவுரை சொல்ற அண்ணாச்சிகளே, கொஞ்சம் நிறுத்துங்க. ஹான்லேயை 2022-ல் இருண்ட வான் காப்பகமா அறிவிச்சாங்க, சந்தோஷம். பேங்க்ல வேலை பார்க்கிறவனுக்கு லீவு யார் கொடுக்கறது? கர்ஜத் லைன்ல இருக்கிற வாங்கணிக்குப் போறதே பெரும்பாடு.

குறை வானத்துல இல்லை, நாம எதைப் படம் எடுக்கத் தேர்ந்தெடுக்கறோம்கிறதுல இருக்கு. அந்தத் தப்பை நானும் பண்ணேன். பணத்தைக் கொட்டி நேரோபேண்ட் ஃபில்டர் வாங்கி, முதல்ல திருப்பினது ஆண்ட்ரொமீடா காலக்ஸி பக்கம். நாலு ராத்திரி போச்சு. வந்தது சாம்பல் பூச்சு. "இவ்வளவுதானாப்பா?"ன்னு கேட்டுட்டுக் கீழே போன என் பொண்ணு, அப்புறம் மொட்டை மாடிக்கே வரலை.

காரணம் இதுதான். காலக்ஸின்னா கோடானுகோடி நட்சத்திரங்களோட வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கோட சேர்த்து அதையும் ஃபில்டர் வெட்டிடும். வாயு நெபுலா அப்படி இல்லை. அதுல ஹைட்ரஜன் 656 நானோமீட்டர்லயும், ஆக்ஸிஜன் 501 நானோமீட்டர்லயும் பளிச்சுன்னு ஒளிரும். ஃபில்டர் அந்தக் கீற்றை மட்டும் உள்ளே விடும். ஹைட்ரஜன் ஃபில்டருக்கு நிலா வெளிச்சம்கூடப் பெரிய தொல்லை இல்லை.

அடுத்த கூத்து, வெளிநாட்டுக்காரன் பட்டியல். ஜூலையில் லகூன், ஈகிள் எடுக்கணுமாம். ஜூலையில் இங்கே மழை கொட்டுது சாமி! நம்ம சீசன் அக்டோபர்ல ஆரம்பிக்குது. அப்போ முன்னிரவுல நார்த் அமெரிக்கா நெபுலா. ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன், ரோஸெட். ரோஸெட்டோட அகலம் ரெண்டு நிலாவுக்கும் மேல, சின்ன டெலஸ்கோப்பே போதும்.

கோடை லீவுல ஊருக்குப் போறோம்ல? கரீனா நெபுலாவை லண்டன்காரன் வீட்டுல இருந்து பார்க்கவே முடியாது. கல்யாண்ல அது 11 டிகிரி உயரம்தான் எழும்பும், புகையில கரைஞ்சிடும். திருநெல்வேலியில் 21 டிகிரி. ஏப்ரல் நடுவுல ராத்திரி ஒன்பதரைக்கு நேர் தெற்கே நிக்கும். லண்டன்காரன் பட்டியல்ல இது இருக்குமா?

பெரிய பேரை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்தா என்ன ஆகும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். வானத்துலயும் பேரைப் பார்க்காதீங்க. என்ன ஒளி, எந்த மாசம், எவ்வளவு உயரம், இந்த மூணையும் பாருங்க.

போன ஜனவரியில் ரோஸெட் எடுத்தேன். திரையில சிவப்பா மெல்ல விரியறதைப் பார்த்துட்டு, பொண்ணு போர்வையை எடுத்துக்கிட்டு மாடிக்கு வந்தா.

பிள்ளைங்க கிட்ட வானம் செத்துப் போச்சுன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க.